விலை இறங்கிய 50 அங்குல 4கே டிவி: டிடிஎச் பார்ப்பவர்கள் வாங்கும் முன்

விலை குறைந்ததும் "வாங்கலாமா?" என்று நண்பர் கேட்டார். பேனல், ஒலி, ரிமோட் பற்றி ஏற்கெனவே பலரும் எழுதிவிட்டார்கள், புகழ்ந்ததெல்லாம் உண்மை. ஓடிடியில் படம் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருக்கும். தீராத எரிச்சல் ஒன்றே ஒன்றுதான்: செட்டாப் பாக்ஸில் இருந்து வரும் இன்டர்லேஸ் படத்தை (ஒன்றுவிட்டு ஒரு வரியாக, பாதி பாதியாக வருவது) இந்த டிவிக்கு ஒழுங்காகக் கோக்கத் தெரியவில்லை.

நம் டிடிஎச் எச்டி சேனல்கள் பெரும்பாலும் '1080 ஐ', அதாவது 1080 வரி இன்டர்லேஸ். விநாடிக்கு 50 ஃபீல்டு (பாதிப் படம்), ஒவ்வொன்றிலும் 540 வரி. ஒற்றைப்படை வரிகள் முதலில், இரட்டைப்படை வரிகள் 1/50 விநாடி கழித்து. எல்இடி டிவிக்கு எப்போதும் முழுப் படம் வேண்டும் என்பதால், உள்ளே இருக்கும் சிப் இதை ப்ரோக்ரசிவ் ஆக (எல்லா வரியும் ஒன்றாக வரும் முழுப் படமாக) மாற்றியே தீர வேண்டும். அசையாத இடத்தில் இரண்டு ஃபீல்டையும் கோக்க வேண்டும். அசையும் இடத்தில் ஒரு ஃபீல்டை மட்டும் வைத்து விடுபட்ட வரிகளை ஊகிக்க வேண்டும். எது அசைகிறது என்று கண்டுபிடிப்பதில்தான் இந்த டிவி கோட்டை விடுகிறது.

திரையின் அடியில் ஓடும் செய்தி வரியில் 'ட' எழுத்தைப் பாருங்கள். வரி 6 விநாடியில் திரையைக் கடந்தால், ஒரு ஃபீல்டுக்கும் அடுத்ததற்கும் இடையே எழுத்து ஆறு பிக்சலுக்கு மேல் நகர்ந்திருக்கும். அதைக் கோத்துவிட்டால் 'ட'வின் நிற்கும் கோடு சீப்புப் பல் போலப் பிளந்து தெரியும். மாறாக, படுத்திருக்கும் கோடு மட்டும் நடுங்கினால் டிவி ஊகத்தில் ஓடுகிறது. இந்த டிவியில் இரண்டும் மாறி மாறி வருகிறது. கிரிக்கெட்டில் கேமரா முழுதாகத் திரும்பும்போது பல் தெரிவதில்லை, புல் மட்டும் கொஞ்சம் மழுங்கும். அதைக் குறை சொல்ல மாட்டேன்.

வயிற்றெரிச்சல் சினிமாவில்தான். 24 ஃபிரேம் படத்தை 25 ஆக வேகப்படுத்தி ஒளிபரப்புவார்கள். அப்போது இரண்டு ஃபீல்டும் ஒரே ஃபிரேமில் இருந்து வருவதால், கோத்தாலே 1080 வரியும் சுத்தமாகக் கிடைத்துவிடும். ஃபிலிம் மோடை ஆன் செய்தால் இந்த டிவியும் அதைச் செய்கிறது. ஆனால் அடியில் ஒரு விளம்பரப் பட்டை சறுக்கி வந்தால் போதும், திரை முழுவதையும் ஊகத்துக்குத் தள்ளிவிடுகிறது. பட்டுப்புடவையின் கரை, ஓட்டுக்கூரை, ஜன்னல் கம்பி எல்லாம் மினுமினுக்கும். பட்டை போனதும் அடங்கிவிடும். அரை மணி நேரத்தில் எத்தனை பட்டை வருகிறது என்று சொல்ல வேண்டியதில்லை!

ஓரளவு சமாளிக்க வழி உண்டு. பாக்ஸ் மெனுவில் வெளியீட்டை '1080 பி' (ப்ரோக்ரசிவ்), 50 ஹெர்ட்ஸ் என்று வையுங்கள். அப்போது கோக்கும் வேலையை பாக்ஸே செய்துவிடும். எழுத்துகள் உடனே நேராகும். 60 ஹெர்ட்ஸ் மட்டும் வேண்டாம்: 50 படத்தை 60 ஆக்க விநாடிக்கு 10 ஃபிரேம் திரும்ப வர வேண்டும், ஓடும் வரி வெட்டி வெட்டி நகரும். எச்டிஎம்ஐ இணைப்புக்கு 'கேம்' அல்லது 'பிசி' என்று பெயர் வைத்திருந்தால் மாற்றுங்கள். தாமதத்தைக் குறைப்பதற்காகப் பல டிவிகள் அந்த மோடுகளில் நல்ல டீஇன்டர்லேஸிங்கை (இந்தக் கோக்கும் வேலையை) விட்டுவிடுகின்றன. விலை உயர்ந்த கேபிள் வாங்கச் சொன்னால் கேட்காதீர்கள். கேபிள் கோளாறு என்றால் புள்ளி புள்ளியாக மின்னும், அல்லது திரை கறுத்துப்போகும், பல் முளைக்காது.

ஓடிடி மட்டும் பார்க்கும் வீட்டுக்கு இந்த விலையில் இதைவிட நல்ல பேனல் கிடைப்பது கஷ்டம். ஆனாலும் நண்பரிடம் வேண்டாம் என்றுதான் சொன்னேன். அவர் வீட்டில் நாள் முழுக்க டிடிஎச்சில் சீரியலும் கிரிக்கெட்டும்தான். கடையில் ஓட்டிக் காட்டும் 4கே வீடியோ முழுக்க ப்ரோக்ரசிவ், அதில் இந்தக் குறை தலைகாட்டவே காட்டாது. ஒரு செட்டாப் பாக்ஸை '1080 ஐ'யில் மாட்டச் சொல்லி, ஓடும் வரியைப் பார்த்துவிட்டுப் பணத்தை எடுங்கள்.