லினக்ஸ் மேசைக்கணினியில் ஒரு மலிவான யுஎஸ்பி வைஃபை அடாப்டர்: பெட்டி சொல்லாததும் கெர்னல் சொல்வதும்

ஆயிரம் ரூபாய் அளவில் விற்கப்படும் இரட்டை அலைவரிசை யுஎஸ்பி வைஃபை அடாப்டர்கள் எத்தனையோ நிறுவனங்களின் பெயரில் வந்தாலும், பிரித்துப் பார்த்தால் உள்ளே இருப்பது விரல்விட்டு எண்ணக்கூடிய சில சிப்களில் ஒன்றுதான். நான் இங்கே மதிப்பிடும் அடாப்டரில் இருப்பது ரியல்டெக் 8811சியு என்ற சிப். மடக்கி நிமிர்த்தக்கூடிய ஒற்றை ஆன்டெனாவும் யுஎஸ்பி 2.0 இணைப்பும் கொண்டது. விற்ற நிறுவனத்தின் பெயரைச் சொல்லாமல் விடுகிறேன். இதே பலகை வேறு பெயர்களிலும் கடைக்கு வருவதால், வாங்குபவருக்கு உதவப்போவது நிறுவனத்தின் பெயரைவிடச் சிப்பின் பெயர்தான். இதை வைஃபை வசதி இல்லாத மதர்போர்டு கொண்ட ஒரு மேசைக்கணினியில், டெபியன் என்ற லினக்ஸ் வழங்கலின் 12ஆம் பதிப்பில் முதலிலும் 13ஆம் பதிப்பில் பிறகும் செருகிப் பார்த்திருக்கிறேன். வாடகை வீட்டில் சுவரைத் துளைத்து லேன் கேபிள் இழுக்க முடியாதவர்கள் இத்தகைய பொருளைத் தேடுவார்கள் என்பதால், அவர்களை மனத்தில் வைத்தே எழுதுகிறேன்.

பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் 650 எம்பிபிஎஸ் என்று அச்சிட்டிருக்கிறார்கள். 5 கிகாஹெர்ட்ஸில் கிடைக்கக்கூடிய உச்ச இணைப்பு வேகமான 433ஐயும், 2.4 கிகாஹெர்ட்ஸில் கிடைக்கக்கூடிய 200ஐயும் கூட்டி, வந்த 633ஐ மேல்நோக்கி முழுமையாக்கினால் இந்த எண் கிடைக்கும். ஒரே நேரத்தில் இரண்டு அலைவரிசைகளிலும் இணைய இந்த அடாப்டரால் முடியாது என்பதால், 650 என்ற வேகத்தை எவரும் எந்த நாளிலும் பார்க்கப்போவதில்லை. அந்த 200கூட, 150 வரை மட்டுமே அனுமதிக்கும் வைஃபை 4 தரநிலைக்கு வெளியே உள்ள ஒரு நீட்டிப்பால் வருவது. ரவுட்டரும் அதை அறிந்திருந்தால்தான் கிடைக்கும். இந்த வகை மிகைப்படுத்தல் எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவானது என்பதால் இதற்காக நான் மதிப்பெண் குறைக்கவில்லை. பெட்டியின் எந்தப் பக்கத்திலும் சிப்பின் பெயர் இல்லை என்பதற்காகக் குறைக்கிறேன். விண்டோஸ் பயனருக்கு அது தேவைப்படாத தகவல். லினக்ஸ் பயனருக்கோ தேவையான ஒரே தகவல் அதுதான்.

அடாப்டரைச் செருகியதும் வைஃபை பட்டியல் எதுவும் தோன்றவில்லை. கோப்பு மேலாளரில் ஒரு குறுவட்டு தோன்றியது. உள்ளே விண்டோஸுக்கான டிரைவரை, அதாவது கருவியை இயக்கும் நிரலை, நிறுவித்தரும் கோப்பு இருந்தது. இது பழுதன்று, வேண்டுமென்றே செய்யப்பட்ட ஏற்பாடு. செருகியவுடன் தன்னைக் குறுவட்டு இயக்கியாகக் காட்டிக்கொண்டு, டிரைவர் நிறுவப்பட்ட பிறகே வைஃபை கருவியாக மாறும்படி இதை வடிவமைத்திருக்கிறார்கள். 3ஜி டேட்டா கார்டுகள் பரவலாக இருந்த காலத்தில் லினக்ஸில் அவற்றைப் பயன்படுத்தியவர்களுக்கு இந்த வித்தை பழக்கமானதே. அன்று அவர்களுக்குக் கைகொடுத்த யுஎஸ்பி மோட்ஸ்விட்ச் என்ற சிறிய நிரல்தான் இன்றும் இதற்குக் கைகொடுக்கிறது. பல லினக்ஸ் வழங்கல்களில் அது முன்பே நிறுவப்பட்டிருக்கும். குறைந்தபட்ச நிறுவலில் இராது. அது கையில் இல்லாதபோது, கோப்பு மேலாளரில் அந்தக் குறுவட்டின் மேல் வலது சொடுக்கி 'வெளியேற்று' என்பதைத் தேர்ந்தெடுத்தாலே பெரும்பாலும் கருவி மாறிவிடும். ஆனால் மின்சாரம் நின்று வரும்போதெல்லாம் அது மறுபடியும் குறுவட்டாகிவிடும் என்பதால், நிரந்தரத் தீர்வுக்கு மோட்ஸ்விட்சை நிறுவிக்கொள்வதே நல்லது.

எந்த நிலையில் இருக்கிறது என்பதை, செருகியுள்ள யுஎஸ்பி கருவிகளைப் பட்டியலிடும் எல்எஸ்யுஎஸ்பி கட்டளை டெர்மினலில் சொல்லிவிடும். ரியல்டெக்கின் பெயருக்கு முன்னால் உள்ள அடையாள எண்ணின் பிற்பாதி 1ஏ2பி என்றிருந்தால் கருவி இன்னும் குறுவட்டாகவே இருக்கிறது என்று பொருள். சி811 என்றிருந்தால் வைஃபையாக மாறிவிட்டது. இங்கே ஒரு பொறி இருக்கிறது. குறுவட்டு நிலையில் இருக்கும்போது அந்தக் கட்டளை கருவியின் பெயரை 8188ஜியு என்று காட்டும். ரியல்டெக்கின் பல சிப்கள் குறுவட்டு நிலையில் ஒரே அடையாள எண்ணைப் பகிர்ந்துகொள்வதும், அந்தக் கட்டளை பார்க்கும் பெயர் அட்டவணையில் அந்த எண்ணுக்கு நேராக ஒரு பெயர் மட்டுமே பதிவாகியிருப்பதும் இதற்குக் காரணம். அந்தப் பெயரை நம்பி 8188ஜியுவுக்கான டிரைவரைத் தேடிப் போனால் எத்தனை மணி நேரம் செலவழித்தாலும் பயன் கிடைக்காது.

இனி டிரைவர். இந்த அடாப்டரைப் பற்றிய தீர்ப்பு முழுவதும் இந்த ஒரு கேள்வியில்தான் தங்கியிருக்கிறது. லினக்ஸின் மையநிரலான கெர்னலில் ஆர்டிடபிள்யூ88 என்ற டிரைவர் குடும்பம் முன்பிருந்தே உண்டு. ஆயினும் அது நெடுநாள் மதர்போர்டில் செருகும் பிசிஐ அட்டைகளை மட்டுமே ஆதரித்து வந்தது. யுஎஸ்பி வழியாக இணையும் 8821சியு, 8822பியு போன்ற சிப்களுக்கான ஆதரவு 2023 பிப்ரவரியில் வெளியான 6.2 கெர்னலில்தான் சேர்ந்தது. 8811சியு இந்த 8821சியுவின் ப்ளூடூத் இல்லாத உடன்பிறப்பு; இரண்டுக்கும் டிரைவர் ஒன்றே. 6.2 வந்து நான்கு மாதங்கள் கழித்து, 2023 ஜூனில், வெளியான டெபியன் 12 நீண்டகால ஆதரவு பெற்ற 6.1 கெர்னலைத் தேர்ந்தெடுத்துக்கொண்டது. உபுண்டு 22.04, லினக்ஸ் மின்ட் 21 ஆகியவை தொடக்கத்தில் 5.15 கெர்னலோடு வந்தன. ஆகவே இந்த அடாப்டரை வாங்கிய இருவரில் ஒருவர் 'செருகியதும் வேலை செய்தது' என்றும் மற்றவர் 'குப்பை' என்றும் எழுதினால் இருவருமே உண்மையைத்தான் சொல்கிறார்கள். அவரவர் கெர்னல் பதிப்பைச் சேர்த்து எழுதாததுதான் குறை. என் கணினியிலும் இதுவே நடந்தது. டெபியன் 12இல் உயிரற்றுக் கிடந்த அதே அடாப்டர், 6.12 கெர்னலோடு 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13இல், ஃபர்ம்வேர் தொகுப்பு இருந்த மாத்திரத்தில் எந்தக் கேள்வியும் கேட்காமல் இணைந்துவிட்டது.

ஃபர்ம்வேர் என்பது டிரைவரிலிருந்து வேறான ஒன்று. இயக்கப்படும் ஒவ்வொரு முறையும் சிப்புக்குள் ஏற்றப்படும் சிறு நிரல் அது. டெபியனில் ரியல்டெக் ஃபர்ம்வேருக்கென்று தனித் தொகுப்பு இருக்கிறது. டெபியன் 12 முதல் மூலநிரல் திறக்கப்படாத, சுதந்திரமற்ற ஃபர்ம்வேருக்குத் தனிப்பிரிவு ஒதுக்கி, நிறுவியிலேயே சேர்த்துத் தருகிறார்கள் என்பதால் பழைய தலைவலி குறைந்திருக்கிறது. எனினும் நிறுவும் நேரத்தில் அடாப்டர் செருகப்பட்டிராவிட்டால் அந்தத் தொகுப்பு வராமல் போக வாய்ப்புண்டு. கெர்னலின் செய்திப் பதிவைத் திறந்து, ஃபர்ம்வேர் கோப்பை ஏற்ற முடியவில்லை என்ற வரி இருக்கிறதா என்று பார்ப்பது, இணையத்தில் கண்ட கட்டளைகளை வரிசையாக ஒட்டிப் பார்ப்பதைவிடப் பலமடங்கு விரைவான வழி.

பழைய கெர்னலில் இருப்பவர்களுக்கு இரண்டு பாதைகள் உள்ளன. ஆர்வலர்கள் பராமரிக்கும், கெர்னலுக்கு வெளியேயான டிரைவரின் மூலநிரலைப் பதிவிறக்கி, கெர்னல் மாறும்போதெல்லாம் டிரைவரைத் தானே மறுபடி தொகுக்கும் டிகேஎம்எஸ் என்ற கருவி வழியாகத் தம் கணினியிலேயே தொகுத்துக்கொள்வது ஒன்று. இதற்குக் கெர்னல் ஹெடர் தொகுப்பும் கம்பைலரும் வேண்டும். ஒவ்வொரு கெர்னல் புதுப்பித்தலின்போதும் டிரைவர் மறுபடி தொகுக்கப்படும். கெர்னலின் உள்ளமைப்பு மாறி, டிரைவரின் மூலநிரல் அதற்கேற்ப இன்னும் மாறாத ஒரு காலையில், கணினியை இயக்கினால் வைஃபை இராது. கையொப்பமிட்ட நிரல்களை மட்டுமே தொடக்கத்தில் அனுமதிக்கும் செக்யூர் பூட் இயங்கும் கணினியில் இன்னொரு தடையும் உண்டு. வீட்டில் தொகுத்த டிரைவரில் நம்பகமான கையொப்பம் இல்லாததால் கெர்னல் அதை ஏற்க மறுக்கும். மோக் எனப்படும் உரிமையாளர் சாவியைப் பதிவுசெய்து, மறுதொடக்கத்தில் வரும் நீலத் திரையில் கடவுச்சொல் கொடுத்து உறுதிப்படுத்திய பிறகே வேலை செய்யும். அந்த நீலத் திரை சில நொடிகளே காத்திருக்கும். அதைக் கவனிக்காமல் விட்டவர்கள்தான் டிரைவர் கெட்டுப்போனது என்று முடிவுகட்டுகிறார்கள்.

இன்னொரு பாதை, கெர்னலையே புதியதாக்கிக்கொள்வது. டெபியன் 12க்கு, பிந்தைய பதிப்பின் தொகுப்புகளைப் பழைய பதிப்புக்குத் தரும் பேக்போர்ட்ஸ் களஞ்சியத்தில் 6.12 கெர்னல் கிடைத்தது. உபுண்டு 22.04க்கு வன்பொருள் ஆதரவுத் தொகுப்பு வழியாக 6.8 வந்தது. இவற்றோடு வரும் டிரைவர் முறையாகக் கையொப்பமிடப்பட்டது என்பதால் செக்யூர் பூட்டோடு சண்டையில்லை. நான் தயங்காமல் இந்தப் பாதையையே பரிந்துரைப்பேன். வெளி டிரைவரை முன்பே நிறுவியிருப்பவர்கள் புதிய கெர்னலுக்கு மாறும்போது அதை நீக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு டிரைவர்கள் ஒரே கருவிக்கு உரிமை கோரும்.

இணையமே இல்லாத கணினியில் இவற்றையெல்லாம் எப்படிப் பதிவிறக்குவது என்று கேட்பது நியாயமே. ஆண்ட்ராய்டு கைபேசியைக் கேபிளால் இணைத்து யுஎஸ்பி டெதரிங்கை இயக்கினால், லினக்ஸ் அதைக் கம்பி இணைப்பாகவே ஏற்றுக்கொள்ளும். கைபேசி வீட்டு வைஃபையில் இருந்தால் அந்த இணைப்பையே கணினிக்குக் கடத்தும் என்பதால் மொபைல் டேட்டாவும் செலவாகாது.

இணைந்த பிறகு வரும் தொல்லைகள் வேறு வகை. சும்மா இருக்கும்போது இணைப்பு தூங்கிப்போய், முதல் பக்கம் திறக்கத் தாமதமாவது பெரும்பாலும் மின்சேமிப்பால் வருவது. மேசைக்கணினிக்கு இந்தச் சேமிப்பு தேவையே இல்லை. இணைப்புகளை நிர்வகிக்கும் நெட்வொர்க் மேனேஜர் சேவையின் அமைப்பில் வைஃபை மின்சேமிப்பு மதிப்பு 3 என்றிருந்தால் இயங்குகிறது என்றும், 2 என்றிருந்தால் நிறுத்தப்பட்டிருக்கிறது என்றும் பொருள். உபுண்டு வழியில் வந்த வழங்கல்களில் இது 3 ஆகவே வரும். மாற்றி எழுதிச் சேவையை மறுதொடக்கம் செய்தால் போதும்.

இதைவிடச் சுவையான சிக்கல் அடாப்டரைச் செருகும் இடத்தில் இருக்கிறது. மேசைக்கணினியின் பின்பக்கம் என்பது சுவருக்கும் உலோகக் கேபினெட்டுக்கும் நடுவே, பெரும்பாலும் மேசைக்கு அடியில் உள்ள இடம். ரேடியோ அலைகளுக்கு அதைவிட மோசமான மூலை கிடைக்காது. அதோடு பக்கத்துப் போர்ட்டில் யுஎஸ்பி 3.0 வன்தட்டு ஓடிக்கொண்டிருந்தால் 2.4 கிகாஹெர்ட்ஸ் இணைப்பு திணறும். 5 ஜிபிபிஎஸ் வேகத்தில் ஓடும் யுஎஸ்பி 3.0 தரவு எழுப்பும் மின்காந்த இரைச்சல் 2.4 முதல் 2.5 கிகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டையிலும் விழுகிறது என்பதை இன்டெல் 2012இலேயே ஒரு வெள்ளை அறிக்கையில் விளக்கியிருக்கிறது. இரைச்சல் வைஃபை பயன்படுத்தும் அலைவரிசைக்குள்ளேயே இருப்பதால் வடிகட்டி எறியவும் வழியில்லை. நம் அடாப்டர் யுஎஸ்பி 2.0 என்பது இங்கே உதவாது. இரைச்சலை எழுப்புவது அண்டை வீட்டுக்காரர். டிரைவரைக் குறைசொல்வதற்கு முன்னால், ஒரு மீட்டர் யுஎஸ்பி எக்ஸ்டென்ஷன் கேபிள் வாங்கி அடாப்டரை மேசையின் மேல் வைத்துப் பாருங்கள். ஐடபிள்யூ கட்டளை காட்டும் சிக்னல் அளவு (பூஜ்யத்தை நெருங்க நெருங்க வலுவானது) மைனஸ் 75 டிபிஎம் பக்கத்திலிருந்து மைனஸ் 50 நோக்கி ஏறினால் காரணம் தெரிந்துவிட்டது. இந்தக் கேபிளைப் பெட்டியிலேயே வைத்துக் கொடுத்திருக்கலாம். குறுவட்டு வித்தைக்குச் செய்த செலவை இதற்குச் செய்திருந்தால் நான் பாராட்டியிருப்பேன்.

இவ்வளவும் சரியான பிறகு, பக்கத்து அறையில் உள்ள ரவுட்டரோடு 5 கிகாஹெர்ட்ஸில் இணைத்தால் இணைப்பு வேகம் 433 என்று காட்டுகிறது. உண்மையான பதிவிறக்கம் அதில் ஏறக்குறைய பாதி. காணொளிக்கும் அலுவலகக் கூட்டங்களுக்கும் தொகுப்புகளைப் புதுப்பிக்கவும் இது தாராளம். இரண்டு சுவர்களுக்கு அப்பால் போனால் ஒற்றை ஆன்டெனாவின் எல்லை தெரிகிறது; 2.4க்கு இறங்க வேண்டியிருக்கிறது. வன்பொருளாக, விலைக்குத் தகுந்த பொருள்தான். நீண்ட பதிவிறக்கத்தில் சூடாகிறது, ஆனால் நின்றுபோவதில்லை.

புதிதாக வாங்குபவருக்கு வேறு சில தெரிவுகளும் உண்டு. மீடியாடெக் 7612யு சிப் உள்ள அடாப்டர்களுக்கு 2018இல் வந்த 4.19 கெர்னலிலேயே ஆதரவு சேர்ந்துவிட்டது. வைஃபை 6 வேண்டுபவர்களுக்கு உதவும் 7921ஏயு சிப்புக்கு 2022இன் 5.18இல் சேர்ந்தது. விலை கூடுதல்தான், ஆனால் டெபியன் 12 போன்ற பழைய கெர்னலிலேயே தொடரப்போகிறவர்களுக்கு அந்தக் கூடுதல் விலையே மலிவு. வேகம் முக்கியமில்லை, 2.4 மட்டும் போதும் என்றால், ஏதெரோஸ் 9271 சிப் உள்ள பழைய அடாப்டர்கள் 2010 முதலே கெர்னலில் இருக்கின்றன. அவற்றின் ஃபர்ம்வேர் மூலநிரலும் திறந்தது. மாடல் எண்ணை மட்டும் பார்த்து வாங்குவது போதாது என்பதற்கும் அந்தச் சிப்பே சான்று: டிபி-லிங்க் டபிள்யூஎன்722என் மாடலின் முதல் பதிப்பில் ஏதெரோஸ் 9271 இருந்தது, அதே பெயரில் வந்த இரண்டாம் பதிப்பில் ரியல்டெக் 8188 வகைச் சிப் இருக்கிறது. பெட்டியின் ஓரத்தில் சிறிய எழுத்தில் உள்ள பதிப்பு எண்ணைக் கடைக்காரரிடம் படம் எடுத்து அனுப்பச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை.

கெர்னல் 6.2 அல்லது அதற்குப் பிந்தையது இருப்பவர், ரவுட்டர் அதிகத் தொலைவில் இல்லாதவர், எக்ஸ்டென்ஷன் கேபிளுக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்கக்கூடியவர் இந்த அடாப்டரை வாங்கலாம். ஐந்துக்கு மூன்றரை தருகிறேன். பழைய கெர்னலில் இருந்து நகர விரும்பாதவருக்கு ஒன்றரைதான். எப்படியானாலும் திருப்பித் தரும் அவகாசம் முடிவதற்குள் கணினியில் செருகி, எல்எஸ்யுஎஸ்பி என்ன சொல்கிறது என்று பார்த்துவிடுங்கள். விற்பனைப் பக்கத்தில் சிப்பின் பெயர் என்ன என்று நான் கேட்ட கேள்விக்கு, 'எல்லாக் கணினிக்கும் பொருந்தும்' என்பதே விற்பனையாளரின் பதிலாக இருந்தது.