லூட்டனா, கிரிம்ஸ்பியா, ஷெஃபீல்டா, லூயிஸா? ஒரு சனிக்கிழமைக்கு நான்கு பழைய மைதானங்கள்

இங்கிலாந்துக்குப் போகும் நம்மவர்கள் பலர் ஓல்டு டிராஃபோர்டு, ஆன்ஃபீல்டு என்று பெரிய மைதானங்களுக்குப் போகிறார்கள். ஆட்டத்துக்கு டிக்கெட் கிடைக்காது. காலியாகக் கிடக்கும் மைதானத்தைச் சுற்றிப் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள். ஏறக்குறைய அதே செலவில், கீழ்நிலை லீக்கில் உயிரைக் கொடுத்து ஆடும் ஓர் ஆட்டத்தை, நூறாண்டு கடந்த மைதானத்தில் பார்த்துவிடலாம் என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை. சனிக்கிழமை பிற்பகல் 2.45 முதல் 5.15 வரை அந்த நாட்டில் கால்பந்தை நேரலையாக ஒளிபரப்பக் கூடாது என்ற ஏற்பாடு 1960களிலிருந்து இருந்து வருகிறது. சிறிய அணிகளின் வாசல் வசூலைக் காப்பதற்காக வந்தது அது. ஆகவே 3 மணி ஆட்டத்தைப் பார்க்க நேரில்தான் போக வேண்டும்.

எங்கே போவது? என் பட்டியலில் நான்கு இருக்கின்றன. நான்கும் நல்லவை, ஆனால் ஒரே காரணத்துக்காக அல்ல.

முதலில் லூட்டன் டவுனின் கெனில்வர்த் ரோடு. 1905 முதல் அந்த அணியின் வீடு. லண்டன் செயின்ட் பாங்கராஸிலிருந்து ரயிலில் அரை மணி நேரம்தான். ஓக் ரோடு பக்கத்து நுழைவாயிலுக்காகவே இந்த மைதானத்தைத் தேடிப் போகிறவர்கள் உண்டு. ஒட்டி ஒட்டிக் கட்டிய செங்கல் வீடுகள் கொண்ட சாதாரணக் குடியிருப்புத் தெரு அது. அந்த வரிசையில் ஓரிடத்தில் மட்டும், கீழ்த்தளம் இருக்க வேண்டிய இடத்தில் மைதானத்தின் வாசல் திறக்கிறது. தலைக்கு மேல் யாரோ ஒருவரின் படுக்கையறை. உள்ளே போய் இரும்புப் படிகளில் ஏறினால் இரண்டு பக்கமும் வீட்டுக் கொல்லைகள் தெரிகின்றன. கொடியில் துணி காய்கிறது, குழந்தையின் சைக்கிள் சுவரில் சாய்ந்திருக்கிறது. இன்னும் நான்கு படி ஏறினால் பச்சைப் புல். இப்படி ஒரு நுழைவை வேறெந்த மைதானத்திலும் நான் கண்டதில்லை.

இந்த வாசல் பெரும்பாலும் வெளியூர் அணியின் ரசிகர்களுக்கானது. எனவே எதிரணியின் ஒதுக்கீட்டில் டிக்கெட் வாங்கினால்தான் இதன் வழியாக நுழையும் அனுபவம் கிடைக்கும். வரலாறு இங்கே வேடிக்கையாகத் திரும்பியிருக்கிறது. 1985 மார்ச்சில் மில்வால் அணியுடனான ஆட்டத்தின்போது வெடித்த கலவரத்துக்குப் பிறகு, 1986 முதல் 1990 வரை வெளியூர் ரசிகர்களை லூட்டன் உள்ளேயே விடவில்லை. அன்று விரட்டப்பட்டவர்களின் வாசல்தான் இன்று ஊருக்கே பெயர் வாங்கித் தருகிறது. மைதானத்தைச் சுற்றியுள்ள பெரி பார்க் பகுதியில் பாகிஸ்தானி, வங்கதேசக் குடும்பங்கள் நிறைய. ஆட்டத்துக்கு முன் சூடான சமோசாவுக்குப் பஞ்சமில்லை.

2023-24இல் லீக் வரிசையின் உச்ச அடுக்கான பிரீமியர் லீக் வரை ஏறிய அணி, அடுத்தடுத்து இரண்டு முறை இறங்கி 2025-26இல் மூன்றாம் அடுக்குக்கு வந்தது. பவர் கோர்ட் என்ற இடத்தில் புது மைதானத்துக்கு அனுமதியும் கிடைத்துவிட்டது. போல்டன் அணியின் பழைய மைதானமான பர்ன்டன் பார்க் 1997இல் மூடப்பட்டு, அங்கே பல்பொருள் அங்காடி வந்தது. கெனில்வர்த் ரோடும் அந்தப் பட்டியலில் சேரப்போகிறது. நான்கில் காலக்கெடு உள்ள மைதானம் இது ஒன்றுதான்.

மீன்பிடித் துறைமுக ஊரான கிரிம்ஸ்பியின் அணி கிரிம்ஸ்பி டவுன்; அதன் மைதானமான பிளண்டெல் பார்க், தூரத்தை வைத்துப் பார்த்தால் லூட்டனுக்கு நேர் எதிர். லண்டனிலிருந்து டான்காஸ்டரில் ரயில் மாறி, ஏறக்குறைய மூன்று மணி நேரம் போக வேண்டும். மைதானம் கிரிம்ஸ்பியிலேயே இல்லை. பக்கத்து ஊரான கிளீதார்ப்ஸில், ஹம்பர் கழிமுகத்தை ஒட்டி இருக்கிறது. மேல்தட்டில் இடம் பிடித்தால் ஆட்டத்தின் நடுவே கப்பல் நகர்வது தெரியும். பிரதான ஸ்டாண்டின் ஒரு பகுதி 1901இல் கட்டியது. நடுவே நிற்கும் தூண்கள் பார்வையை மறைக்கும் என்பதால் டிக்கெட் எடுக்கும்போது அதைக் கேட்டுக்கொள்ளுங்கள். 1989இல் விம்பிள்டன் கால்பந்து அணிக்கு எதிரான எஃப்.ஏ. கோப்பை ஆட்டத்துக்குக் காற்றடைத்த பொம்மை மீன்களுடன் போன ரசிகர் கூட்டம் இது. அதே கூட்டம் 2025 ஆகஸ்டில், இதே மைதானத்தில், மான்செஸ்டர் யுனைடெட் பெனால்டியில் 12-11 என்று தோற்று வெளியேறியதைப் பார்த்தது. போகிற வழியில் மீன் வறுவல் சாப்பிடாமல் வந்தால் பாதிப் பயணம்தான் முடிந்ததாக அர்த்தம்.

ஆனால் லூட்டனிலும் கிரிம்ஸ்பியிலும் ஒரு குறை உண்டு. இரண்டிலும் இருக்கைகள்தான், டிக்கெட்டில் அச்சிட்ட எண்ணில் தொண்ணூறு நிமிடம் உட்கார வேண்டும். பழைய மைதானத்தின் உயிர் என்று நான் நினைப்பது நடமாடும் சுதந்திரம். அதற்கு லீக் அடுக்குகளில் இன்னும் கீழே இறங்க வேண்டும்.

ஷெஃபீல்டு நகரின் மேட்டுப் பகுதியான கிராஸ்பூலில் உள்ள சாண்டிகேட், ஹாலம் அணியின் மைதானம். 1804 முதல் கிரிக்கெட் ஆடப்பட்ட நிலம். 1860 டிசம்பர் 26 அன்று ஹாலமும் ஷெஃபீல்டு எஃப்.சி.யும் இங்கே மோதின; இரண்டு கிளப்புகளுக்கு இடையே நடந்த முதல் ஆட்டம் என்று அதைச் சொல்கிறார்கள். ஷெஃபீல்டு 2-0 என்று வென்றது. உலகின் மிகப் பழைய கால்பந்து மைதானம் என்று கின்னஸ் இதை ஏற்றிருக்கிறது. ஒன்பதாம் அடுக்கில் ஆடும் அணி என்பதால் வாசலிலேயே பணம் கொடுத்து நுழைந்துவிடலாம். புல்வெளியின் சரிவு கண்ணுக்கே தெரிகிறது. மேட்டை நோக்கி ஆடும் பாதியில் பந்து அணியின் பேச்சைக் கேட்க மறுக்கிறது.

இடைவேளையில் நடப்பதைக் கவனியுங்கள். ஒரு கோலின் பின்னால் நின்ற உள்ளூர்க் கூட்டம், தேநீர்க் கோப்பையைக் கையில் பிடித்தபடியே மறுமுனைக்கு நடந்து போகிறது. தங்கள் அணி எந்தப் பக்கம் தாக்குகிறதோ அந்தக் கோலுக்குப் பின்னால் நிற்பதுதான் வழக்கம். கம்பித் தடுப்பில் கை ஊன்றி நின்றால் கோல்கீப்பர் தன் தடுப்பாட்டக்காரரைத் திட்டுவது சொல் சொல்லாகக் கேட்கும். கால்பந்தின் வரலாறு மீது பற்று உள்ளவர்களுக்கு இதற்கு மேல் ஓர் இடம் கிடையாது. ஆனால் ஆட்டத்தின் தரத்தை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம் வரக்கூடும், வானிலையும் கடுமை.

இந்த நான்கில் என் ஓட்டு லூயிஸ் அணியின் டிரிப்பிங் பேனுக்குத்தான். லண்டன் விக்டோரியாவிலிருந்து ஒரு மணி நேரத்தைச் சற்றே தாண்டும். ரயிலடியிலிருந்து சில நிமிட நடை. 1885 முதல் அங்கே கால்பந்து நடக்கிறது. தரைமட்டத்துக்குக் கீழே, சுற்றிலும் புல் கரை சூழ்ந்த பள்ளம் அது. வற்றிப்போன ஊருணிக்குள் இறங்கி நம் ஊர்ப் பிள்ளைகள் விளையாடுவதைப் போன்ற அமைப்பு. கரைமேல் நின்றால் சவுத் டவுன்ஸ் குன்றுகள் தெரிகின்றன. 2010 முதல் ரசிகர்களே உரிமையாளர்கள். 2017இல் ஆண்கள் அணிக்கும் பெண்கள் அணிக்கும் சமமான நிதி ஒதுக்கியது இந்தச் சிறிய கிளப்; பணக்கார அணிகள் யோசிக்கவே இல்லாத காரியம். அதற்காகவே டிக்கெட் பணத்தை மனமாரக் கொடுக்கலாம். பெண்கள் அணியின் ஆட்டங்கள் பெரும்பாலும் ஞாயிறன்று நடக்கும் என்பதால், அட்டவணை ஒத்துவந்தால் இரண்டு நாளும் போகலாம்.

1985இல் வந்த சட்டப்படி மேல் ஐந்து அடுக்குகளில் ஆடுகளம் தெரியும் இடத்தில் மது அருந்தக் கூடாது. லூயிஸில் அந்தத் தடை இல்லை; உள்ளூர் ஹார்விஸ் பீரைக் கையில் வைத்துக்கொண்டு பார்க்கிறார்கள். குடிக்காதவர்களுக்கும் இதில் நன்மை உண்டு. பாரில் யாரும் முண்டியடிப்பதில்லை, குழந்தைகள் கரைமேல் ஓடி விளையாடுகிறார்கள், பக்கத்தில் நிற்பவர் எதிரணி ரசிகராக இருந்தாலும் பேச்சுக் கொடுக்கிறார். இதுவரை கால்பந்தை நேரில் பார்க்காதவரை நான் அழைத்துப் போவதானால், வேறெங்கும் போக மாட்டேன்.

ஏற்கெனவே பல மைதானங்கள் பார்த்தவர் என்றால் லூட்டனை முதலில் முடித்துவிடுங்கள். மற்ற மூன்றும் காத்திருக்கும். ஹாலம், லூயிஸ் ஆட்டங்களுக்குக் கிளம்பும் முன் காலையிலேயே கிளப்பின் சமூக ஊடகப் பக்கத்தைப் பார்த்துவிட வேண்டும். டிசம்பர், ஜனவரியில் உறைபனியாலும் மழைநீர் தேங்குவதாலும் கடைசி நேரத்தில் ஆட்டத்தைத் தள்ளிவைப்பார்கள். ஆகஸ்ட் பிற்பகுதி முதல் அக்டோபர் வரை போனால் அந்தக் கவலை குறைவு. கரையின் புல்லும் காய்ந்திருக்கும்.