முதுகுக்குப் பின்னால் ஒரு காடு, மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு வெடிகுண்டு

டார்க்வுட் என்ற கேமை ஆடி முடித்து இரண்டு வாரம் ஆகிறது, இன்னமும் ராத்திரி கொல்லைக் கதவு காற்றில் லேசாக ஆடினால் செய்துகொண்டிருக்கும் வேலையை விட்டுவிட்டுக் காது கொடுக்கிறேன். ஒரு கேமைப் பற்றி இதைவிடப் பெரிய பாராட்டு எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

போலந்தில் மூன்று பேர் சேர்ந்து, ஆசிட் விசார்ட் ஸ்டூடியோ என்ற பெயரில் செய்தது. 2013-இல் இண்டிகோகோ என்ற பொதுமக்களிடம் நிதி திரட்டும் தளத்தில் பணம் சேர்த்து, 2014-இல் பாதி வேலையோடு வெளியிட்டு, ஆடியவர்கள் சொல்லச் சொல்லத் திருத்தி, 2017 ஆகஸ்டில்தான் முழு கேமாகக் கொண்டுவந்தார்கள். 2019-இல் ஸ்விட்ச், பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் என்ற கேம் கருவிகள் எல்லாவற்றுக்கும் வந்துவிட்டது. கதை நடப்பது 1980களின் கம்யூனிச போலந்தில், மரங்கள் வளர்ந்து வெளியே போகிற பாதையை எல்லாம் அடைத்துவிட்ட ஒரு காட்டுக்குள்.

இதில் காட்சி மேலிருந்து கீழே பார்க்கிற மாதிரி, பல்லாங்குழிப் பலகையைக் குனிந்து பார்ப்பது போல இருக்கும். இப்படிப் பார்த்தால் எல்லாமே தெரிந்துவிடுமே, பயம் எங்கிருந்து வரும் என்று நினைத்து நானும் பல மாதம் வாங்காமல் தள்ளிப்போட்டேன். ஆனால் அவர்கள் ஒரு காரியம் செய்திருக்கிறார்கள். நம் ஆள் எந்தப் பக்கம் முகத்தைத் திருப்பியிருக்கிறானோ அந்தப் பக்கம் மட்டும் விசிறி விரித்த மாதிரி ஒரு பரப்பு தெளிவாகத் தெரியும். மற்ற இடங்களில் தரை தெரியும், மரம் தெரியும், சுவர் தெரியும், அங்கே நிற்கிற உயிர் எதுவும் தெரியாது. முதுகுக்குப் பின்னால் மூன்றடி தூரத்தில் ஒன்று நின்றுகொண்டிருக்கலாம், திரையில் அந்த இடம் வெறும் தரையாகத்தான் இருக்கும். அப்போது நம்பக்கூடியது காதை மட்டும்தான்.

பகலில் காட்டுக்குள் போய்ப் பலகை, ஆணி, பெட்ரோல், கந்தல் துணி என்று கிடைப்பதைப் பொறுக்கி வரவேண்டும். வரைபடம் கையில் இருக்கும், ஆனால் நாம் எங்கே நிற்கிறோம் என்று அது காட்டாது, தெரிந்த அடையாளம் ஏதாவது பக்கத்தில் இருந்தால்தான் காட்டும். பொழுது சாயத் தொடங்கியதும் ஓட்டமும் நடையுமாக வீட்டுக்குத் திரும்பி, ஜெனரேட்டருக்குப் பெட்ரோல் ஊற்றி, ஜன்னல்களைப் பலகை வைத்து அடித்து, அலமாரியைக் கதவுக்கு முட்டுக் கொடுத்து, ஒரு மூலையில் நின்று விடியும் வரை தாக்குப்பிடிக்கவேண்டும். அவ்வளவுதான் ஆட்டம்.

எட்டாவது ராத்திரி என்று நினைக்கிறேன், விளக்கு எரிகிறது, கையில் ஆணி அடித்த பலகை, எல்லாக் கதவும் சாத்தியிருக்கிறது. வெளியே மரம் முறிகிற சத்தம் ஒன்று, அப்புறம் கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் கதவு தட்டுகிற சத்தம், மெதுவாக, பக்கத்து வீட்டுக்காரர் சர்க்கரை கேட்க வந்தால் தட்டுவாரே, அந்த மாதிரி. நான் திறக்கவில்லை. மறுபடி தட்டல். விளக்கு ஒருமுறை மினுக்கியது. அடுத்த அறையில் மரத்தரை கிறீச்சென்றது, அந்த அறைக் கதவையும் சாத்தித்தான் வைத்திருந்தேன். எழுந்து போய் வீட்டு மின்விசிறியை நிறுத்தினேன், அந்தச் சத்தத்தில் கேம் சரியாகக் கேட்கவில்லை என்று. மே மாத மதுரையில், வியர்த்து ஒழுக, பத்து நிமிடம் மூச்சுவிடக்கூட யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். விடிந்தபோது உள்ளே எதுவுமே வந்திருக்கவில்லை. திடுக்கிட வைக்க முகத்துக்கு நேரே எதையாவது பாய விடுவது இந்த கேமில் கிடையாது, அதைச் செய்யாமலே இவ்வளவும்.

ஒன்று முக்கியம். முதல் சில ராத்திரிகளை இடது பக்கம் செத்துப்போன ஒரு ஹெட்போனில் ஆடினேன், சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்றே தெரியாமல் மூன்று முறை செத்தேன். வேறு ஹெட்போன் மாட்டியதும் அது வேறு கேம். ஸ்பீக்கரில் ஆடி இதைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

செத்தால் சாதாரண நிலையில் ஆட்டம் முடிந்துவிடாது. வீட்டிலேயே எழுவோம், கையிருப்பில் ஒரு பகுதி செத்த இடத்தில் கிடக்கும், போய் எடுத்துக்கொள்ளலாம். ராத்திரியை உயிரோடு கடத்தினால் காலையில் வியாபாரி ஒருவன் வீட்டுக்குள் வந்து நிற்பான், அவனிடம் நமக்கு மதிப்பு கூடியிருக்கும், அதை வைத்துப் பொருள் வாங்கலாம். அந்த விடியற்காலை வெளிச்சத்தில் அவனைப் பார்க்கும்போது வருகிற நிம்மதி இருக்கிறதே, அதற்காகவே இன்னொரு ராத்திரி உட்காரலாம். கஷ்டம் போதாது என்பவர்களுக்கு ஒரே உயிரோடு ஆடுகிற நிலையும் உண்டு, எனக்கு அதில் இறங்கத் தைரியம் வரவில்லை.

காட்டில் பார்க்கிற மனிதர்களும் மனதில் நிற்கிறார்கள். பியோட்ரெக் என்று ஒருவன், பழைய இரும்பைச் சேர்த்து ராக்கெட் கட்டிக்கொண்டிருக்கிறான். அவனுக்கு உதவுவதா வேண்டாமா என்பது நம் கையில். இதற்கு மேல் சொல்லக்கூடாது.

குறைகளும் இருக்கின்றன. சண்டை மந்தமாக இருக்கும்: ஓங்க ஒரு பொத்தான், அடிக்க ஒரு பொத்தான், ஓங்கி முடிப்பதற்குள் நாய் காலைக் கவ்விவிடும். பயத்துக்காக வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள் என்பது புரிகிறது, இருந்தாலும் பழகும்வரை எரிச்சல்தான். இரண்டாம் பாதியில் வருகிற சதுப்பு நிலம் இழுவை, பொருள்களைப் பைக்கும் பெட்டிக்கும் மாற்றி மாற்றி வைப்பதிலேயே பாதி நேரம் போகிறது. வாசிக்க வேண்டிய ஆங்கிலமும் நிறைய. எனக்கு முடிக்க 25 மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆனது.

இந்த கேமைச் செய்தவர்களைப் பற்றி இன்னொன்று சொல்லவேண்டும். கேம் வெளியான சில நாட்களிலேயே ஒருவர் பணத்தைத் திருப்பிக் கேட்டாராம், மாதக் கடைசியில் பில்லைப் பார்த்து அப்பா அம்மா கவலைப்படக்கூடாது என்று காரணம் சொல்லி. அதைப் படித்துவிட்டு இவர்களே முழு கேமையும் டோரண்ட் தளத்தில், அதாவது திருட்டுப் பிரதிகளை இலவசமாக இறக்குகிற இடத்தில், ஏற்றிவிட்டார்கள். காசு இல்லாதவர்கள் இறக்கி ஆடுங்கள், பிடித்திருந்தால் பிற்பாடு வாங்குங்கள், கேமைத் திறக்கிற குறியீட்டை (கீ) திருட்டுத்தனமாக விற்கிற தளங்களில் மட்டும் வாங்காதீர்கள் என்றார்கள். பல வருடம் உழைத்த முதல் கேமை வைத்துக்கொண்டு அப்படிச் சொல்ல எவ்வளவு பெரிய மனசு வேண்டும்! நான் ஸ்டீம் என்ற இணையக் கடையில் காசு கொடுத்துத்தான் வாங்கினேன், இன்னொரு பிரதி வாங்கித் தம்பிக்கும் கொடுத்தேன்.

சரி, இது தனியாக ஆடுகிறது. பொங்கல் லீவுக்கு வீடு நிறைய ஆள் வந்தால் என்ன செய்வது? கூட்டமாக ஆடுகிற கேம்கள் பெரும்பாலும் கன்ட்ரோலர் பிடித்துப் பழகியவர்களுக்கே சாதகம். சமையல் கேம் ஒன்றைப் போட்டேன், அம்மா பத்து நிமிடத்தில் கன்ட்ரோலரைச் சித்தப்பா மகனிடம் கொடுத்துவிட்டு எழுந்துவிட்டார். அப்போதுதான் கீப் டாக்கிங் அண்ட் நோபடி எக்ஸ்ப்ளோட்ஸ் ஞாபகம் வந்தது. கனடாவின் ஸ்டீல் கிரேட் கேம்ஸ் 2015-இல் வெளியிட்டது, வயதே ஆகாத கேம்.

லேப்டாப் முன்னால் ஒருவர் மட்டும். அவர் கண்ணுக்கு மட்டும் வெடிகுண்டு தெரியும். மேசைக்கு அந்தப் பக்கம் மற்றவர்கள், அவர்கள் கையில் குண்டைச் செயலிழக்கச் செய்கிற கையேடு, 23 பக்கம், இணையத்தில் இலவசம். அவர்கள் திரையைப் பார்க்கக்கூடாது, இவர் கையேட்டைப் பார்க்கக்கூடாது. பேசித்தான் தீரவேண்டும், கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும். ஒரு தப்பு செய்தால் கடிகாரம் வேகம் பிடிக்கும், வழக்கமாக மூன்றாவது தப்பில் வெடித்துவிடும். கேமை ஒருவர் வாங்கினால் போதும், தெருமுனை ஜெராக்ஸ் கடையில் கையேட்டை இரண்டு செட் பிரிண்ட் எடுத்துவந்தேன்.

இங்கேயும் அதே விஷயம்தான் பாருங்கள், பாதி நமக்குத் தெரியாது. டார்க்வுட்டில் தெரியாத பாதி பயமாகிறது, இங்கே தெரியாத பாதி பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற மனிதரிடம் இருக்கிறது. முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திய அம்மா கையேட்டை வாங்கியதும் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"ஒயர் எத்தனைடா?"

"மூணும்மா."

"சிவப்பு இருக்கா?"

"இல்லை."

"அப்போ ரெண்டாவதை வெட்டு. யோசிக்காதே, வெட்டு."

வெட்டினேன், பச்சை விளக்கு எரிந்தது. சித்தப்பா கை தட்டினார்.

அடுத்தது விசித்திரமான குறிகள் போட்ட நான்கு பொத்தான்கள், சரியான வரிசையில் அழுத்தவேண்டும். அந்தக் குறிகளுக்குப் பெயர் யாருக்கும் தெரியாது, அங்கேதான் ஆட்டம் களைகட்டியது. கிரேக்க எழுத்து ஒன்று, அதை "சூலம்" என்றேன், அத்தை மகள் உடனே கண்டுபிடித்துவிட்டாள். இன்னொன்று லாடம். இன்னொன்றை முக்காலி என்று நான் சொல்ல, "முக்காலியா, கோபுரமா?" என்று சித்தப்பா கேட்க, இருபது விநாடி போய்விட்டது. இரண்டாவது நாள் வீட்டுக்கென்று ஒரு சொற்பட்டியலே உருவாகிவிட்டது. வேறு எந்த கேமும் எங்கள் வீட்டில் இதைச் செய்ததில்லை.

பெரிய பொத்தான் ஒன்று வரும், அழுத்திப் பிடித்தால் பக்கத்தில் நிறப்பட்டை எரியும். நீலம் என்றால் கடிகாரத்தில் எங்காவது 4 வரும்போது விடவேண்டும், மஞ்சள் என்றால் 5. அந்த 4 வருவதற்காக எட்டுப் பேர் மூச்சைப் பிடித்துக் காத்திருந்ததை மறக்க முடியாது.

எங்களைக் கவிழ்த்தது ஆங்கிலச் சொற்கள் வருகிற பகுதி. யூ, யுவர், யுவார், யூஆர் என்று வாயில் சொன்னால் ஒன்றுபோலவே ஒலிக்கிற சொற்கள் திரையில் வரும். பிளாங்க் என்று எழுதியிருக்கும், நத்திங் என்று எழுதியிருக்கும், சிலசமயம் உண்மையிலேயே எதுவும் எழுதியிருக்காது. "என்னடா எழுதியிருக்கு?" "நத்திங்." "ஒண்ணுமே இல்லையா?" "இல்லை, நத்திங்னு எழுதியிருக்கு!" அதற்குள் வெடித்துவிட்டது. எழுத்துக்கூட்டிச் சொல்லிப் பழகிய பிறகுதான் தாண்டினோம். ஆங்கிலம் சரளமாக வராதவர்களை இந்தப் பகுதி ஒதுக்கிவிடுகிறது, அவர்களோடு ஆடும்போது இது வராத குண்டாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

அன்று ராத்திரி அம்மா சொன்னார், இந்தப் பகுதியைத் தமிழில் வைத்தால் வலி, வளி, வழி போட்டாலே போதும், பாதிக் குடும்பம் காலி என்று. மறுநாள் காலையில் பார்த்தால் பிரிண்ட் எடுத்த கையேட்டின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதிவைத்திருந்தார்: ஒலி, ஒளி, ஒழி. தால், தாள், தாழ். அலை, அளை, அழை.