ஜப்பான் கேம் செட்டுக்கு எந்த அடாப்டர்? ஸ்டெப் டவுன், புது அடாப்டர், பிடி கேபிள்: ஓர் அலசல்

தோட்டத்து லயத்தில் மைக்ரோ ஜீனியஸ் (ஃபேமிகாமின் நகல் கேம் செட்) ஆடி வளர்ந்தவர்கள் இப்போது சுங்கை சிப்புட் பட்டணத்துத் தாமான்களில் குடியிருக்கிறார்கள். கையில் நாலு காசு சேர்ந்ததும் நிஜ ஃபேமிகாம், சூப்பர் ஃபேமிகாம், மெகா டிரைவ் என்று ஜப்பானிலிருந்து ஆசை ஆசையாக வரவழைக்கிறார்கள். பெட்டியைப் பிரித்ததும் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "அண்ணே, இந்த அடாப்டரை அப்படியே சொருகலாமா?"

கூடவே கூடாது. ஜப்பான் மின்சாரம் 100 வோல்ட். நம் மலேசியாவில் 2008 முதல் அதிகாரபூர்வ அளவு 230. அதற்கு முன் 240. ஃபேமிகாம், சூப்பர் ஃபேமிகாம் இரண்டுக்கும் பொதுவான எச்விசி-002 அடாப்டருக்குள் இருப்பது 100 வோல்ட்டுக்குச் சுற்றிய ஒரு டிரான்ஸ்ஃபார்மர். நம் சுவரில் சொருகினால் கம்பிச்சுருள் சூடேறிக் கருகும். கடையில் விற்கும் பிளக் மாற்றி காலின் வடிவத்தைத்தான் மாற்றும், வோல்ட்டை ஒன்றும் செய்யாது.

இங்கே பெரும்பாலோர் முதலில் தேடிப்போவது வோல்ட்டைக் குறைத்துத் தரும் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மரை. பழைய அடாப்டரையே வைத்துக்கொள்ளலாம், செட் வந்தது வந்தபடி இருக்கும் என்ற நியாயம் சரிதான். ஹெர்ட்ஸ் (மின்சாரத்தின் அதிர்வெண்) பற்றியும் கவலை வேண்டாம். ஜப்பானில் கிழக்கே 50, மேற்கே 60 என்பதால், அவர்கள் பொருள் நம் 50 ஹெர்ட்ஸுக்குப் பழகியதே. (அமெரிக்க அடாப்டர் அப்படியில்லை, 60க்கு மட்டும் செய்தது இங்கே கூடுதலாகச் சுடும்.) ஆனால் ஸ்டெப் டவுன் பெட்டியின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். கடைகளில் அதிகம் கிடைப்பது "220 உள்ளே, 110 வெளியே". அது வோல்ட்டைப் பாதியாக்கும், அவ்வளவுதான். உங்கள் வீட்டில் 240 வந்தால் வெளியே 120 வரும். 100 வோல்ட் அடாப்டருக்கு அது இருபது சதவீதம் கூடுதல். எச்விசி-002 எழுதியபடி 10 வோல்ட் தரவேண்டியது 12 வரை ஏறும்.

அந்தக் கூடுதல் இரண்டு வோல்ட் எங்கே போகிறது? செட்டுக்குள் 7805 என்ற மூன்று கால் ரெகுலேட்டர் இருக்கிறது. வருவதை 5 வோல்ட்டாக்கி, மிச்சத்தை வெப்பமாகக் கொட்டுவது அதன் வேலை. செட் அரை ஆம்பியர் இழுப்பதாக வைத்துக்கொள்வோம். 9 வோல்ட் கொடுத்தால் அது 2 வாட் வெப்பத்தைத் தாங்கவேண்டும். 12 கொடுத்தால் மூன்றரை வாட். நம் ஊர்ச் சூட்டில், தகரக்கூரை வீட்டில், மத்தியானம் இரண்டு மணிக்கு அந்த வித்தியாசம் செட்டின் மேல் கை வைத்தாலே தெரியும். ஸ்டெப் டவுன்தான் வேண்டுமென்றால் 240க்கு 100 என்று தெளிவாக எழுதியதைத் தேடி வாங்குங்கள்.

வெளி அடாப்டர் உள்ள செட்டுகளுக்கு என் தேர்வு இது அல்ல. பழைய அடாப்டரைப் பெட்டியிலேயே பத்திரமாக வைத்துவிட்டு, உள்ளூர் மூன்று கால் பிளக்கோடு சிரிம் (மலேசியத் தரச்சான்று) முத்திரை உள்ள புது 9 வோல்ட் அடாப்டர் வாங்குவதே நல்லது. இதில் ஒரு பெரிய வசதி உண்டு. ஃபேமிகாம், சூப்பர் ஃபேமிகாம், முதல் மாடல் மெகா டிரைவ், பிசி எஞ்சின் நான்குக்கும் அடாப்டரின் சொருகு முனை ஒரே வகை: வெளிவிட்டம் 5.5 மில்லிமீட்டர், உள்விட்டம் 2.1, நடுவில் நெகட்டிவ். மெகா டிரைவ் 1.2 ஆம்பியர் கேட்கும், பிசி எஞ்சின் 650 மில்லி ஆம்பியர், நின்டெண்டோ செட்டுகளான ஃபேமிகாம் இரண்டும் 850. ஆக 9 வோல்ட், ஒன்றரை ஆம்பியர் அடாப்டர் ஒன்று வாங்கினால் நான்குக்கும் போதும். ஆம்பியர் கூடினால் ஆபத்தில்லை. செட் தனக்கு வேண்டியதை மட்டுமே இழுக்கும்.

கவனம் வேண்டியது நடுவில் நெகட்டிவ் என்பதில். வீட்டில் சும்மா கிடக்கும் மோடம், சிசிடிவி அடாப்டர்களில் பெரும்பாலும் நடுவில் பாசிட்டிவ். கால் அச்சாகப் பொருந்தும், மின்சாரம் தலைகீழாகப் போகும். லேபிளில் வட்டமும் புள்ளியும் கொண்ட சிறு படம் இருக்கும். நடுப்புள்ளியிலிருந்து வரும் கோடு எந்தக் குறியில் முடிகிறது என்று பாருங்கள். அது கழித்தல் குறியாக இருக்கவேண்டும். மின்கிட்டார் பெடலுக்கு விற்கும் 9 வோல்ட் அடாப்டரும் நடுவில் நெகட்டிவ்தான், ஈப்போ இசைக்கருவிக் கடைகளில் கேட்டுப் பார்க்கலாம். ஆனால் அவற்றில் பல 500 மில்லி ஆம்பியரோடு நின்றுவிடும். மெகா டிரைவுக்கு அது பற்றாது.

இரண்டாம் மாடல் மெகா டிரைவ் வேறு சாதி: 10 வோல்ட், நடுவில் பாசிட்டிவ், சின்னக் கால். நியோ ஜியோ வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்கவேண்டும். முதலில் வந்தவை 5 வோல்ட், பிறகு வந்தவை 9. செட்டின் அடியில் எழுதியிருப்பதைப் படிக்காமல் எதையும் சொருகாதீர்கள்.

வோல்ட்டைத் திருகித் தேர்ந்தெடுக்கும் பல கால் அடாப்டரை நான் யாருக்கும் சொல்வதில்லை. தம்பி தங்கை யாராவது கை பட்டுத் திருகிவிட்டால் 9 பன்னிரண்டாகும், கால் முனையைத் திருப்பி மாட்டினால் துருவமே மாறும்.

பிடி (பவர் டெலிவரி) கேபிள் புதிய வழி. கைபேசி சார்ஜரிடம் 9 வோல்ட் கேட்டு வாங்கும் சில்லு அந்த யுஎஸ்பி-சி கேபிளுக்குள் இருக்கும். நடுவில் நெகட்டிவ் வகையும் கிடைக்கிறது. சார்ஜர் 9 தராவிட்டால் 5 மட்டுமே வரும். செட் ஓடாதே தவிர கெடாது. நல்ல சார்ஜர் ஏற்கெனவே வீட்டில் இருந்தால் இது மலிவான, ஒழுங்கான தீர்வு. ஆனால் கேம்கியூபுக்கு இதை நம்பவேண்டாம். அதற்கு 12 வோல்ட், 3.25 ஆம்பியர் வேண்டும். பிடி முறையில் 12 கட்டாய அளவு இல்லை என்பதால் பல சார்ஜர்கள் அதைத் தருவதேயில்லை.

கேம்கியூபுக்கும் நின்டெண்டோ 64க்கும் இன்னும் நேர்த்தியான வழி உண்டு. இங்கிலாந்து அடாப்டரை வாங்குங்கள். அவர்கள் பிளக்கும் நம் பிளக்கும் ஒன்றே, வெளிவரும் வோல்ட்டும் ஜப்பான் செட்டுக்கு அப்படியே பொருந்தும். 64இன் அடாப்டர் பின்னால் கழற்றி மாட்டும் கட்டிதான், ஒரு நிமிட வேலை. அதே நினைப்பில் இங்கிலாந்து நெஸ் (ஃபேமிகாமின் வெளிநாட்டு வடிவம்) அடாப்டரை ஃபேமிகாமில் சொருகிவிடாதீர்கள். கால் நுழையும், ஆனால் அது தருவது 9 வோல்ட் ஏசி (திசை மாறி மாறி ஓடும் மின்சாரம்). ஃபேமிகாம் ஒரே திசையில் ஓடும் டிசியை மட்டுமே எதிர்பார்க்கிறது.

பழைய பிளேஸ்டேஷன், சாட்டர்ன் போன்றவற்றில் மின்பகுதி செட்டுக்குள்ளேயே இருக்கிறது; இங்கே ஸ்டெப் டவுன்தான் முந்துகிறது. 240 வோல்ட் ஏசியை டிசியாக்கினால் சுமார் 340 ஆகும். 100 வோல்ட் செட்டின் முதல் கப்பாசிட்டர் வழக்கமாக 200 வோல்ட் தாங்குவது. நேரே சுவரில் சொருகினால் அது வெடிக்கக்கூடும். உள் போர்டை மாற்றி 240க்கு ஆக்கலாம்தான், ஆனால் மூடியைத் திறந்து சாலிடர் பிடிக்கத் தெரிந்தவர் பக்கத்தில் இருந்தால் மட்டும். நூறு விஏ (தாங்கும் சுமையின் அளவு) ஸ்டெப் டவுன் இந்தச் செட்டுகளுக்குத் தாராளம். ஆடி முடித்ததும் அதையும் சுவிட்சில் அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். சும்மா இருந்தாலும் டிரான்ஸ்ஃபார்மர் சூடாகும், மாலையில் இடி இறங்கினால் நேரே அதற்குள்தான் பாயும்.