கீலேட் என்று சொல்லி அன்னபேதியை விற்கிறார்கள்: இறால் வளர்ப்பவர்கள் கவனிக்கவும்

செடித்தொட்டிக்கு, அதாவது நீர்ச்செடிகளும் இறாலும் வளர்க்கும் கண்ணாடித் தொட்டிக்கு, நுண்ணூட்டக் கலவையைத் தூளாக வாங்குபவர்களுக்காக இதை எழுதுகிறேன். பெரிய மூட்டையைப் பிரித்துச் சின்னப் பாக்கெட்டுகளில் போட்டு விற்கும் ஒருவரிடம் வாங்கினேன். "முழுக்கக் கீலேட் செய்தது, இரும்பு 12 சதவீதம், இறாலுக்கு ஒன்றும் ஆகாது" என்று சொல்லித்தான் கொடுத்தார். கீலேட் செய்தது என்றால் இரும்பு படியாமல் தண்ணீரில் கரைந்தே நிற்க வேண்டும். பாக்கெட்டின் மேல் 'மைக்ரோ மிக்ஸ்' என்ற ஸ்டிக்கரைத் தவிர வேறொன்றும் இல்லை.

கரைத்து வைத்த பாட்டிலில் மறுநாளே துருநிறத்தில் வண்டல் படிந்தது. அவர் சொன்ன அளவிலேயே தொட்டிக்கு ஊற்றி வந்தேன். ரொட்டாலா என்ற நீர்ச்செடியின் புதுத் தளிர்கள் நரம்பு மட்டும் பச்சையாக, மற்ற இடமெல்லாம் வெளுத்து வந்தன. இரும்புச் சத்துக் குறைவின் அடையாளம் அது. இரும்பு ஊற்றிக்கொண்டே இருக்கும்போது அப்படி! அப்புறம் செர்ரி இறால்கள் (அழகுக்கு வளர்க்கும் சின்ன நன்னீர் இறால்கள்) மேய்வதை நிறுத்தின, நிலைகொள்ளாமல் நீந்தின, ஒவ்வொன்றாகச் செத்தன. தலைமுறை தலைமுறையாக அந்தத் தொட்டியிலேயே பெருகியவை அவை. இன்னும் மனது ஆறவில்லை.

கேட்டதற்கு, "உங்கள் தண்ணீர் சரியில்லை சார், எந்த இரும்பானாலும் இரும்புதானே" என்றார். விடாமல் கேட்ட பிறகு மூட்டையின் லேபிளைப் படம் எடுத்து அனுப்பினார். வயல் பயிர்களுக்கு இலைவழித் தெளிக்கும் கலவை அது. எல்லாமே சல்பேட் உப்புகள்; இரும்பு அதில் வெறும் அன்னபேதிதான். இரும்பைவிடத் துத்தநாகம் அதிகம், செம்பும் தாராளம். வயலுக்கு அது நல்ல பொருளாகவே இருக்கலாம். அதைக் கீலேட் என்றும் இறாலுக்குப் பாதுகாப்பு என்றும் பெயர் மாற்றி விற்றதுதான் மோசடி. பணத்தைக் கேட்டால், பிரித்த பாக்கெட்டைத் திரும்ப எடுக்க மாட்டாராம்.

எந்த இரும்பானாலும் ஒன்று என்பது பச்சைப் பொய். அன்னபேதி, அதாவது ஃபெரஸ் சல்பேட், தண்ணீரில் கரைந்ததும் ஆக்சிஜனோடு சேர்ந்து துருவாகப் படிந்துவிடும். செடிக்குப் போய்ச் சேருவது சொற்பம். கீலேட் என்பது இரும்பைப் பிடித்து வைத்துக் கரைந்த நிலையிலேயே நிறுத்தும் சேர்மம். அதில் பல வகை உண்டு. இடிடிஏ கீலேட் பிஎச் (தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் அளவு) 6.5 வரை நன்றாகத் தாங்கும். டிடிபிஏ ஏறக்குறைய 7.5 வரை தாங்கும் என்பதால் கடினத் தண்ணீர்க்காரர்களுக்கு அதுவே ஏற்றது. இடிடிஎச்ஏ அதற்கு மேலும் நிற்கும், ஆனால் தொட்டித் தண்ணீரைச் சிவப்பாக்கிவிடும்.

செம்புதான் கொடிய பகுதி. செடிக்கும் அது துளியளவு தேவை, அதனால் எந்த நல்ல கலவையிலும் கொஞ்சம் இருக்கும். ஆனால் செடித்தொட்டிக்கான நல்ல கலவையில் அது இரும்பைவிட மிகமிகக் குறைவாகவே இருக்கும். வயல் கலவையில் செம்பு இரும்பில் பாதியாக இருக்கிறது என்று வையுங்கள். 0.2 பிபிஎம் (லிட்டருக்கு 0.2 மில்லிகிராம்) இரும்புக்காக நாம் ஊற்றும்போது 0.1 பிபிஎம் செம்பும் கூடவே போகும். மென்னீரில் இறாலுக்கு அது விஷம்.

வாங்குவதற்கு முன் சதவீதத்தைப் பாருங்கள். இரும்பு இடிடிஏ தனியாகவே சுமார் 13 சதவீத இரும்புதான். மாங்கனீசு, துத்தநாகம், போரான், மாலிப்டினம் எல்லாம் சேர்ந்த முழுக் கீலேட் கலவையில் 12 சதவீதம் என்றால் நம்பாதீர்கள். இரும்பு இடிடிஏ மஞ்சளும் பழுப்புமான தூள். வெளிர்பச்சைப் படிகம் தெரிந்தால் அன்னபேதி என்றும், நல்ல நீலப் படிகம் தெரிந்தால் மயில்துத்தம் (செம்பு சல்பேட்) என்றும் சந்தேகப்படுங்கள். வீட்டிலேயே ஒரு சோதனையும் செய்யலாம். ஒரு சிட்டிகைத் தூளைச் சுத்தமான தண்ணீரில் கரைத்து, கொஞ்சம் சமையல் சோடா போடுங்கள். கீலேட் செய்த இரும்பு பல மணி நேரம் தெளிவாகவே நிற்கும். அன்னபேதி உடனே கலங்கி, பிறகு பழுப்பாகப் படியும்.

அவர் தந்த கலக்கும் முறையும் தவறு. பொட்டாசியம் பாஸ்பேட்டையும் இதையும் ஒரே பாட்டிலில் கலக்கச் சொன்னார். அடர்த்தியான கரைசலில் இரும்பும் பாஸ்பேட்டும் சேர்ந்தால் இரும்பு பாஸ்பேட்டாகப் படிந்து இரண்டுமே வீண். தனித்தனிப் பாட்டிலில் வைத்து, ஒருநாள் அது, மறுநாள் இது என்று ஊற்றுவதே நல்லது.

13 சதவீத இரும்பு இடிடிஏ கிடைத்தால் கணக்கு எளிது: 7.7 கிராமை 1 லிட்டர் காய்ச்சி வடித்த நீரில் கரைத்தால் மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம் இரும்பு. 100 லிட்டர் தொட்டிக்கு 10 மில்லி ஊற்றினால் 0.1 பிபிஎம். வெளிச்சம் படாமல் வையுங்கள், வெளிச்சத்தில் கீலேட் சிதையும்.

ஏற்கெனவே இப்படிப்பட்ட தூளை ஊற்றியிருந்தால் உடனே நிறுத்திவிட்டு, பாதித் தண்ணீரை மாற்றுங்கள். ஃபில்டரில் புதிய ஆக்டிவேட்டட் கார்பன் போடுங்கள். செம்பு அடிமண்ணிலும் ஒட்டிக்கொண்டு மெல்லக் கசியும் என்பதால், டெஸ்ட் கிட் செம்பு இல்லை என்று காட்டிய பிறகும் ஒன்றிரண்டு இறாலை மட்டும் முதலில் விட்டுப் பாருங்கள். அவை தோலுரித்துத் தேறிய பிறகு மற்றவற்றை விடலாம்.