பெயரில்லாத சுறா: யாழ்ப்பாணத்து மீன் சாப்பாட்டுக் கடை ஒன்றைப் பற்றி

யாழ்ப்பாண நகரத்தில், கடற்கரையிலிருந்து அதிகத் தூரமில்லாத ஓர் ஒழுங்கையில் இயங்கும் இந்தச் சாப்பாட்டுக் கடைக்கு இதுவரை மூன்று முறை சென்றிருக்கிறேன். கடையின் பெயரை இங்கே எழுதவில்லை; நான் சொல்லப்போகும் குறை இந்தக் கடைக்கு மட்டும் உரியதன்று.

சாப்பாட்டில் எனக்குக் குறையே இல்லை. சுறா வறையில் சமையற்காரரின் பொறுமை தெரிந்துவிடும்: அவித்த சுறாவின் மணல் போன்ற தோலை ஒழுங்காகச் சுரண்டாவிட்டால் பல்லில் நறநறக்கும், நீரைப் பிழிந்துவிடாமல் தாச்சியில் போட்டால் வறை களியாகிவிடும். இங்கே இரண்டு பிழையும் இல்லை. தேங்காய்ப்பூ கருகாமல், சின்ன வெங்காயம் பாதி வதங்கிய பதத்தில், கடைசியில் பிழிந்த தேசிக்காய்ப் புளியோடு அது சோற்றில் உதிர்ந்து விழுந்தது. திருக்கைச் சரக்குக் கறியிலோ, மிளகும் மல்லியும் உள்ளியும் தூக்கலாக, பிள்ளை பெற்ற வீட்டில் எழும் அதே மணம். சனிக்கிழமை மாலைகளில் மட்டும் கிடைக்கும் ஒடியற் கூழைப் பனையோலைப் பிளாவில் தருகிறார்கள். அதில் உறைப்புச் சற்று அதிகம்.

குறை கரும்பலகையில் இருக்கிறது. அதில் "சுறா", "திருக்கை" என்று மட்டுமே எழுதப்பட்டுள்ளது. பரிமாறிய இளைஞரிடம் என்ன சுறா என்று கேட்டேன். "சுறா தான் அண்ணை, விடியப்புறம் வந்தது" என்றார். நான் விடவில்லை. அவர் உள்ளே போய்க் கேட்க, சமையல் செய்யும் அம்மா அகப்பையோடு வெளியே வந்து, "பால்சுறா தம்பி. தோலைப் பார்த்தாத் தெரியாதே?" என்று சொல்லிவிட்டு, அடுப்பில் ஏதோ கருகுகிறது என்று திரும்பிவிட்டார். ஆகவே குசினிக்குப் பெயர் தெரியும். பலகைக்கு வரும்போதுதான் அது தொலைந்துபோகிறது.

இதை நான் வீண் பிடிவாதமாகக் கேட்கவில்லை. பால் சுறாவின் நிலையும் இன்று அவ்வளவு பத்திரமானதன்று. ஆனால் சுத்தியல் போன்ற தலையுடைய கொம்பன் சுறாக்களுள் இரண்டு பெரிய இனங்களை இயற்கைப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒன்றியம் 2019 இல் தன் சிவப்புப் பட்டியலில் மிக அருகிய, அதாவது அழிவின் விளிம்பில் நிற்கும், இனங்களாகவே சேர்த்துவிட்டது. உலகின் திறந்த கடல்களில் வாழும் சுறா, திருக்கைகளின் தொகை 1970 முதல் ஏறத்தாழ 71 சதவீதம் வீழ்ந்துவிட்டதாக 2021 இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. இத்தகைய கணக்குகளின் அடிப்படைகளுள் ஒன்று, இறங்குதுறைகளில் இனம் இனமாக எழுதப்படும் பிடிப்புப் பதிவு. எல்லாவற்றையும் "சுறா" என்ற ஒரே நிரலில் போட்டால், விரைவாகப் பெருகும் சிறிய இனம் ஒன்றின் எடை, பெரிய இனமொன்று இல்லாமற் போவதை மறைத்துவிடும். மொத்தத் தொகை மாறாததுபோலத் தோன்றிக்கொண்டே இருக்கும். அவித்த சதைத் துண்டிலிருந்தும் காய்ந்த செட்டையிலிருந்தும் மரபணுவைப் பிரித்து இனத்தைக் கண்டறிய இப்போது வழி இருக்கிறது. அகப்பையோடு வந்த அந்த அம்மா அதே விடையை ஒரு நொடியில், செலவில்லாமல் தந்தார்.

இனி, வாசலில் வைத்திருந்த ஐஸ் பெட்டி. மூன்றாம் முறை போனபோது அதற்குள், விளைமீன்களுக்கும் ஒரு குவியல் இறாலுக்கும் நடுவில், முழங்கை நீளத்தில் ஓர் உழுவை மீன் கிடந்தது. முன்பக்கம் திருக்கை போலத் தட்டை, பின்பக்கம் சுறாவின் வால். மார்புச் செட்டை தொடங்கும் இடத்தில், மேற்புறத்தில், ஒரு கரும்பொட்டும், அதையொட்டி வரிசையாக மூன்று வெண்பொட்டுகளும் இருந்தன. இவ்வகை உழுவையை ஆய்வாளர்கள் அடையாளம் காண்பது அந்தப் பொட்டுகளைக் கொண்டுதான். ஏறக்குறைய 3 மீற்றர் வரை வளரக்கூடிய இந்த இனத்தில், அது ஒரு குட்டி. சூடையைப்போல் ஆயிரக்கணக்கில் முட்டையிடாமல், ஓர் ஈற்றில் சில குட்டிகளையே ஈனுவதால், வளரும் முன்பே பிடிபட்டால் அந்த இழப்பு எளிதில் ஈடாவதில்லை. 2019 இல் மதிப்பிடப்பட்ட பெரிய உழுவை வகைகள் 16 இல் 15 மிக அருகியவையாகப் பட்டியலிடப்பட்டன. செட்டைக்கு வெளிநாட்டில் கிடைக்கும் விலை ஒரு காரணம். ஆழம் குறைந்த மணற்படுகையில் படுத்துக் கிடக்கும் இயல்பினால் இழுவைமடிக்கு எளிதில் அகப்படுவது இன்னொன்று. அதே ஆண்டு இவை அருகிய உயிரினங்களின் சர்வதேச வர்த்தக உடன்படிக்கையின் இரண்டாம் இணைப்பில் சேர்க்கப்பட்டன. அந்த ஏற்பாடு எல்லை தாண்டும் வர்த்தகத்தைத்தான் கட்டுப்படுத்தும். ஒழுங்கையில் நிற்கும் ஐஸ் பெட்டியை அல்ல. சிறு வயதில் நானும் உழுவைக் குழம்பை விரும்பிச் சாப்பிட்டவன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

காசு மேசைக்கு மேலே ஒரு வேளாக் கொம்பு, அதாவது வேளா மீனின் இருபுறமும் பல்லுள்ள வாள் போன்ற மூக்கு, தொங்குகிறது. வார்னிஷ் பூசியிருக்கிறார்கள், ஒரு பக்கத்தில் நான்கு பற்கள் உடைந்து, அந்தக் குழிகளில் ஒட்டறை படிந்திருக்கிறது. தன் அப்பா காலத்தில் வலையில் சிக்கியது என்று முதலாளி பெருமையோடு சொன்னார். அவர் தன் கண்ணால் ஒரு வேளாவையும் கண்டதில்லை. இலங்கைக் கரையோரங்களில் கடற்றொழிலாளர்களை நேரில் விசாரித்துச் செய்யப்பட்டு 2021 இல் வெளியான ஆய்வும் ஏறத்தாழ இதையே சொல்கிறது: வேளாவைக் கண்டவர்களில் பெரும்பாலோர் மூத்தவர்கள், நம் கடலில் அது நடைமுறையில் இல்லாமற் போய்விட்டது. பிடிப்புப் பதிவு இல்லாத இடத்தில், மனிதரின் ஞாபகத்தைத்தான் ஆய்வாளர்கள் பதிவேடாகக் கொள்ள வேண்டியிருந்தது.

முதலாளியிடம் இரண்டு விடயங்களைக் கேட்டேன். பலகையில் மீனின் முழுப் பெயரை எழுதலாமா என்றதற்குச் சிரித்து, "எழுதினால் போச்சு" என்றார். உழுவையை வாங்காமல் விடலாமா என்றதற்கு, தான் வாங்காவிட்டால் பக்கத்துக் கடைக்காரர் வாங்குவார் என்றார். அந்த விடையை மறுக்க என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை.

சுவைக்கு ஐந்தில் நான்கரை கொடுப்பேன், பலகைக்கு ஒன்று. மதியச் சோறு வறையோடு 1,200 ரூபாய்; வங்கி அட்டையில் பணம் கட்ட முடியாது. வறை ஒன்றரை மணிக்குள் தீர்ந்துவிடும். வெள்ளிக்கிழமைகளில் கடை திறப்பதில்லை.