பியர்டட் டிராகன் பொட்ட: முட்டை போட விடுறதா, ஸ்பே (சினைப்பைய எடுக்குற ஆபரேஷன்) பண்ணிடுறதா?

பியர்டட் டிராகன்ங்கிறது தொண்டைல தாடி மாதிரி முள்ளு இருக்குற ஆஸ்திரேலிய ஓணான், நான் வளக்குறது பொட்ட. ஆம்பளையே இல்லாம இது எப்படிடா முட்டை போடும்னு எங்க அம்மா கேட்டாங்க. நாமக்கல்லேருந்து வர்ற முட்டையெல்லாம் என்ன சேவல பாத்துட்டா வருதுன்னு நான் கேட்டேன், அதோட அந்தப் பேச்சு முடிஞ்சுது. இதுவும் லேயர் கோழி கதைதான். ஒரு வயசு தாண்டுன பொட்ட ஜோடி இல்லாமயே போடும், ஈட்டுக்கு 15லேருந்து 30 வரைக்கும் போடும், சிலது நாலஞ்சு வாரத்துல அடுத்த ஈட்டுக்கும் ரெடியாயிடும். ஒண்ணுகூட போடாம காலத்த ஓட்டுற பொட்டயும் இருக்கு, அது வளக்குறவன் யோகம்.

கும்பகோணத்துல மீனுன்னு பேரு வச்ச எங்க வீட்டுப் பொட்ட முட்டை போட்டுக்கிட்டு இருக்கா, மன்னார்குடில என் மச்சான் வளக்குறதுக்கு ஸ்பே ஆயிடுச்சு. ரெண்டையும் கிட்ட இருந்து பாத்தவன்ங்கிறதால சொல்றேன்.

போட விடுறதுன்னா சும்மா விடுறது இல்ல. சாப்பாடு குறைஞ்சு, மூலையில பிறாண்ட ஆரம்பிச்சா பொட்டி ரெடியா இருக்கணும். பெரிய பிளாஸ்டிக் டப்பா, ஒரு அடி ஆழத்துக்கு மண்ணு. நம்ம ஊரு வண்டல மட்டும் போட்டா காஞ்சு பாளம் பாளமா வெடிச்சுடும், வெறும் மணலப் போட்டா குழி சரிஞ்சு அவ மேலயே விழும். அதனால மூணு பங்கு ஆத்து மணல், ஒரு பங்கு வண்டல். எம் சாண்ட் வேணாம், கூர் கூரா இருக்கும். தண்ணி தெளிச்சு கொழுக்கட்டை மாவு மாதிரி பிடிச்சா நிக்கணும், ஆனா சொட்டக்கூடாது. மொத தடவ நான் மண்ண காயவிட்டுட்டேன், மீனு ஒரு நாள் பூரா தோண்டித் தோண்டி சரிஞ்ச குழியப் பாத்துட்டு கல்லு மேல ஏறிப் படுத்துக்கிட்டா, மறுநாள் ஈரம் பண்ணிக் குடுத்த பெறகுதான் 19 போட்டா. ஆம்பள சேராத முட்டை, பொரிக்காது, எடுத்துப் போட்டுட வேண்டியதுதான்.

வெயில் காயுற எடம் 38லேருந்து 42 டிகிரி, யூவிபி டியூப் (வெயிலுக்குப் பதிலா புற ஊதா வெளிச்சம் தர்ற லைட்டு), கால்சியம் பவுடர், இதுல ஒண்ணு குறைஞ்சாலும் முட்டை உள்ளயே தங்க வாய்ப்பு அதிகம். ஐப்பசி கார்த்திகைல கரண்ட் போனா இன்வெர்ட்டர்ல ஃபேன நிறுத்திட்டு லைட்டப் போடுறேன், வீட்டுல திட்டு வாங்குறது தனி.

மச்சானோடது தோண்டவே இல்ல. வயிறு மட்டும் உப்பிக்கிட்டே போச்சு. ஒரு கிளினிக்ல வாயுன்னு சொல்லி சொட்டு மருந்து குடுத்து அனுப்பிட்டாங்க, பத்து நாள் வீணாப் போச்சு. அப்புறம் ஸ்கேன்ல பாத்தா ஓடே கட்டாத மஞ்சக்கரு உருண்டைங்க சினைப்பையிலயே நின்னுபோய் கெடக்கு. இங்கதான் நெறைய பேரு ஏமாறுறாங்க, ஏன்னா முட்டை இறங்கி குழாய்ல மாட்டுறது வேற, இறங்காமலே நிக்கிறது வேற. இறங்காததுக்கு மண்ணுப் பொட்டி வச்சும் பிரயோஜனமில்ல, ஊசி போட்டும் பிரயோஜனமில்ல. குழாய்ல மாட்டுன முட்டைய வெளிய தள்ளப் போடுற ஆக்ஸிடோசின் ஊசிகூட ஆமைக்குக் கேக்குற அளவுக்கு ஓணானுக்குக் கேக்காது.

ஸ்பேன்னா ரெண்டு சினைப்பையையும் முழுசா எடுக்கணும், கொஞ்சம் மிச்சம் வச்சாலும் மறுபடி கரு கட்டி வயித்துக்குள்ள கொட்டும். வயித்துக்கு நடுவுல ஒரு ரத்தக்குழாய் ஓடுறதால கொஞ்சம் தள்ளித்தான் கிழிக்கணும், வலது சினைப்பை பெரிய ரத்தக்குழாய ஒட்டியே இருக்கும். நாய்க்கு தெனம் பண்றவர்ங்கிறது மட்டும் இதுக்குப் பத்தாது. தையல் ஆறு வாரத்துலேருந்து எட்டு வாரம் இருக்கும், அதுவரைக்கும் மண்ணு கிடையாது, பேப்பர் விரிப்புதான். ஆனா ஒழுங்கா முடிஞ்சுட்டா அதுக்கப்புறம் முட்டைத் தொல்லையே இல்ல, மச்சான் இப்ப நிம்மதியாத் தூங்குறான்.

தீனியையும் லைட் நேரத்தையும் குறைச்சா முட்டை குறையும்னு சொல்லுவாங்க. கொழுத்த பொட்டைக்கு ஓரளவு சரி, வளர்ற குட்டியப் பட்டினி போடாதீங்க.

நல்லா இருக்குற இளசுக்கு முன்கூட்டியே ஸ்பே பண்ண நான் போக மாட்டேன். கைப்பழக்கம் உள்ள டாக்டர் பக்கத்துல இருந்தா யோசிப்பேன், நமக்கு அது இல்ல. ஒரத்தநாட்டுல கால்நடைக் கல்லூரி இருக்கு, சென்னைல வேப்பேரி இருக்கு, எங்க போனாலும் ஓணானுக்கு கேஸ் மயக்கம் குடுத்து ஆபரேஷன் பண்ணுவாங்களான்னு மொதல்ல போன்ல கேட்டுட்டுக் கெளம்புங்க, வெந்நீர் பாட்டில துண்டுல சுத்தி கூட வச்சுக்கங்க. ஆனா ஒரு தடவ நின்னுபோச்சுன்னா ரெண்டாவது ஈட்டுக்குக் காத்திருக்க மாட்டேன், அது தேறுனதும் ஸ்பேதான். ரெண்டு நாள் தோண்டியும் போடல, பின்னங்கால் இழுக்குது, தாடி கறுத்தே கெடக்குன்னா அன்னைக்கே ஸ்கேன்.

மீனு நேத்துலேருந்து வெட்டுக்கிளிய மூஞ்சி திருப்புறா, மணலு இன்னும் சலிக்கல.